‘கேஸ் மருந்து’ இரண்டு வகை: ஆன்டிபயாடிக் உடம்பில் சேர நேரம் பார்க்கும் முறை

மழைக்காலத்தில் குமரி மாவட்டத்துத் தக்கலையிலோ குலசேகரத்திலோ ஒரு மருந்துக்கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும். காய்ச்சலோடு வந்தவர் கையில் நாலு காகிதக் கவர். ஒன்றில் டாக்ஸிசைக்ளின் 100, ஒன்றில் பான்டோப்ரசோல், ஒன்றில் பாராசிட்டமால், இன்னொன்றில் ‘சத்து மாத்திரை’. வயிறு எரியும் என்று அவரே கேட்டு வாங்கிய ஒரு பாட்டில் ஜெலுசில் தனி. பாதிக் கவரில் 1-0-1 என்று பேனாவால் எழுதியிருக்கும். வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டு, எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கி, மேலே இரண்டு ஸ்பூன் ஜெலுசிலையும் ஊற்றிக்கொள்வார். மூன்றாம் நாள் ‘இந்த மாத்திர கேக்கல்ல’ என்று வேறு டாக்டரைத் தேடிப் போவார்.

மாத்திரை கேட்காததற்குக் கிருமி முரண்டு பிடிப்பது காரணமாக இருக்கலாம். நோயே வேறாக இருக்கலாம். விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் ஏறவே இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். இந்த மூன்றாவதைத்தான் வீட்டிலேயே சரிசெய்ய முடியும். எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள் என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. எப்போது, எதோடு, எப்படி விழுங்குவது என்பது மட்டும் இங்கே.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் ‘கேஸ் மருந்து’ என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு சாதி. ஜெலுசில், டைஜீன் போன்ற வெள்ளை அல்லது இளஞ்சிவப்புத் திரவமும் சப்பும் மாத்திரையும் ஒரு சாதி, இதை ஆன்டாசிட் என்பார்கள். அதில் இருப்பது அலுமினியம், மெக்னீசியம் ஆகிய உலோக உப்புகள். பான்டோப்ரசோல், ஓமிப்ரசோல், ராபெப்ரசோல், ஃபாமோடிடின் இன்னொரு சாதி. இவற்றில் உலோகம் கிடையாது. வயிற்றில் அமிலம் சுரப்பதையே இவை குறைத்துவிடுகின்றன. முதல் சாதி ஆன்டிபயாடிக்கைக் கையோடு பிடித்துக் கட்டிப்போடும். இரண்டாவது, சில ஆன்டிபயாடிக் கரைவதற்கு வேண்டிய புளிப்பை இல்லாமல் ஆக்கும். முதலாவதற்கு மணிக்கணக்கில் இடைவெளி விட்டால் தீர்ந்தது. இரண்டாவதற்கு இடைவெளி விட்டும் பயனில்லை. காலையில் போட்ட பான்டோப்ரசோலின் வேலை அடுத்த நாள் காலை வரை ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் மீதி எல்லாம் கணக்குதான்.

உலோகம் கட்டிப்போடும் கதை

டாக்ஸிசைக்ளின், டெட்ராசைக்ளின் ஒரு குடும்பம். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின் இன்னொரு குடும்பம். இவற்றின் மூலக்கூறுக்கு இரும்பு, கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், பிஸ்மத் இவற்றில் எதைக் கண்டாலும் கட்டிக்கொள்ளும் குணம் உண்டு. கட்டிக்கொண்டபின் அது குடல் சுவரைத் தாண்டாது. அப்படியே மலத்தோடு வெளியே போய்விடும். சிப்ரோஃப்ளாக்சசினை அலுமினிய–மெக்னீசிய ஆன்டாசிடோடு சேர்த்து விழுங்கினால் ரத்தத்தில் ஏறவேண்டியதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வீணாகிறது. ஐந்நூறு மில்லிகிராம் விழுங்கியவருக்கு நூறுகூடத் தேறாது. இது மருந்து போடாததைவிட மோசம். கிருமியைக் கொல்லாத அளவு மருந்து, கிருமிக்குப் பயிற்சி கொடுக்கும்.

பாலும் தயிரும் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் ஒரு டம்ளர் பாலோடு சிப்ரோஃப்ளாக்சசின் போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். டாக்ஸிசைக்ளினுக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் போகும், பெரிய குற்றமில்லை. பழைய டெட்ராசைக்ளினுக்குப் பாதி போய்விடும். சாயாவில் விழும் இரண்டு ஸ்பூன் பாலுக்குப் பயந்து மாத்திரையைத் தவறவிட வேண்டாம். டம்ளர் பால், பாயசம், கெட்டித் தயிர், மோர் இவற்றோடு சேர்க்காமல் இருந்தால் போதும்.

நேரக் கணக்கு இப்படி. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு: ஆன்டிபயாடிக் போட்டு 2 மணி நேரம் கழிந்து உலோகம் போடலாம். உலோகம் முதலில் போய்விட்டால் 6 மணி நேரம் காத்திருந்துதான் ஆன்டிபயாடிக். மாக்ஸிஃப்ளாக்சசின் முதலில் போனால் 4 மணி நேரம் கழிந்து உலோகம், உலோகம் முதலில் போனால் 8 மணி நேரம் கழிந்து மாக்ஸிஃப்ளாக்சசின். லெவோஃப்ளாக்சசினுக்கு இரு பக்கமும் 2 மணி நேரம் போதும். முன்னும் பின்னும் ஒரே அளவு இல்லாததற்குக் காரணம் எளிது. ஆன்டிபயாடிக் முந்திப் போனால் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டு வழியை விட்டுவிடும். உலோகம் முந்திப் போனால் குடலில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கும்.

இதை ஒரு நாளில் பொருத்திப் பார்ப்போம். அறுபது வயது அம்மா. மூத்திரக் கடுப்புக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 500, இரண்டு வேளை. ஏற்கெனவே எலும்புக்கு கால்சியம், ரத்தக் குறைவுக்கு இரும்பு மாத்திரை, ராத்திரி நெஞ்செரிச்சலுக்குத் திரவ மருந்து. சிப்ரோஃப்ளாக்சசினைக் காலை 7, இரவு 7 என்று வைத்துவிடுங்கள். அப்போது உலோகத்துக்கு இரண்டு வாசல்தான் திறந்திருக்கும். ஒன்று காலை 9 முதல் பகல் 1 வரை. மற்றது இரவு 9 முதல் நள்ளிரவு 1 வரை. இரும்பு காலை 10 மணிக்கு. கால்சியம் பகல் 12.30 மணி ஊணோடு. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது, அதனால்தான் இந்தப் பிரிப்பு. நெஞ்செரிச்சல் திரவம் இரவு 9 மணிக்கு மேல். சாயங்காலம் 4 மணிக்கு வயிறு எரிந்தால் அந்தப் பாட்டிலைத் தொடக் கூடாது. அந்த நேரத்தில் எடுத்தால் 7 மணி வேளை பாழ். இதைக் கவரின் பின்புறத்தில் பேனாவால் எழுதி, அடுக்களைச் சுவரில் ஒட்டுவது மேல். மொபைல் அலாரத்தைவிட, கஞ்சி வடிக்கும் இடத்தில் கண்ணில் படுவது நன்றாக வேலை செய்கிறது.

டாக்ஸிசைக்ளினும் இரும்பும் இன்னும் சிக்கலானது. டாக்ஸிசைக்ளின் ஒருமுறை ரத்தத்தில் ஏறினபின்னும் பித்தம் வழியாகக் குடலுக்குத் திரும்பி வந்து மறுபடி உறிஞ்சப்படும். திரும்பி வரும் நேரத்தில் குடலில் இரும்பு இருந்தால் அங்கேயும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகையால் இடைவெளி விட்டாலும் முழுப் பலன் வராது. எலிக்காய்ச்சலுக்கோ உண்ணிக்காய்ச்சலுக்கோ ஒரு வாரம் டாக்ஸிசைக்ளின் எழுதியிருந்தால், அந்த வாரம் இரும்பு மாத்திரையை நிறுத்திவைக்கலாமா என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் இரும்பு இல்லாமல் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல நிற இரும்பு மாத்திரையும் இதே கணக்குதான். அந்த வாரம் தள்ளிப் போடச் சொல்லலாம்.

இனி, உலோகம் என்று தெரியாமலே உள்ளே போகும் வழிகள். பி காம்ப்ளெக்ஸ் தனியாக இருந்தால் குற்றமில்லை. ஆனால் பெயரின் வாலில் ‘இசட்’ என்று ஓர் எழுத்து தொங்கினால் அதில் துத்தநாகம் உண்டு. ‘மல்டிவிட்டமின் வித் மினரல்ஸ்’ என்றால் பட்டியலில் பாதி உலோகம். வயிற்றுப்போக்குக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் துத்தநாக மாத்திரையும் அப்படியே. ஓ.ஆர்.எஸ். கரைசலோடு தினம் ஒன்றாக 14 நாள் கொடுப்பார்கள். சீதபேதிக்கு சிப்ரோஃப்ளாக்சசினும் சேர்ந்து எழுதப்பட்டால் துத்தநாகத்தை மேலே சொன்ன பகல் வாசலுக்கு மாற்ற வேண்டும். அல்சருக்கு எழுதும் சுக்ரால்ஃபேட் சிரப் முழுக்க அலுமினியம். டயாலிசிஸ் செய்பவர்கள் சாப்பாட்டோடு போடும் கால்சியம் அசிடேட், செவலமர் இரண்டும் சிப்ரோஃப்ளாக்சசினைப் பிடிக்கும். ஈனோவில் அலுமினியமோ மெக்னீசியமோ இல்லை, சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும்தான். இந்தக் குற்றப்பட்டியலில் அது வராது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்று: சித்த மருந்து. வைத்தியரிடம் வாங்கிய பொட்டலத்தை யாரும் ‘மாத்திரை’ என்று கணக்கில் சேர்ப்பதில்லை. ஆங்கில மருந்து டாக்டரிடம் சொல்வதும் இல்லை. சங்கு பற்பம், பவள பற்பம், முத்துச்சிப்பி பற்பம் எல்லாம் கால்சியம். அய செந்தூரம் இரும்பு. நாக பற்பம் துத்தநாகம். தேனில் குழைத்துத் தின்றாலும் குடலுக்குள் அது உலோகம்தான். அது நல்ல மருந்தா இல்லையா என்பது வேறு பேச்சு. டாக்ஸிசைக்ளினோ சிப்ரோஃப்ளாக்சசினோ ஓடும் நாட்களில் அதை நிறுத்திவைப்பது நலம், அல்லது அதே வாசல் நேரத்துக்குத் தள்ள வேண்டும். இசப்கோல் உலோகம் இல்லை. ஆனால் தண்ணீர் குடித்து உப்பிக் குழகுழவென்று ஆகி மாத்திரையைப் பொதிந்துகொள்ளும். அதற்கு 2 மணி நேரம் விடுங்கள்.

செஃப்டினிர் ஒரு விதிவிலக்கு. ‘செஃப்’ என்று பெயர் தொடங்கும் செஃபலோஸ்போரின் குடும்பத்தில் பெரும்பாலானவை உலோகத்தைக் கண்டுகொள்ளாது. செஃப்டினிர் மட்டும் இரும்போடு சேர்ந்தால் உறிஞ்சல் வெகுவாகச் சரியும். கூடவே மலம் செங்கல் நிறத்தில் போகும். அதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து ராத்திரியோடு ராத்திரியாக ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர்கள் உண்டு. இரும்பும் செஃப்டினிரும் குடலில் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது.

புளிப்பு குறைந்தால் கரையாதவை

செஃபுராக்சிம், செஃப்போடாக்சிம் இரண்டும் இன்று தொண்டைப்புண், சளி, காது வலிக்கெல்லாம் வெகுவாக எழுதப்படுபவை. இரண்டுக்கும் வயிற்றுப் புளிப்பும் சோறும் வேண்டும். செஃபுராக்சிம் வெறும் வயிற்றில் நூற்றுக்கு 37 பங்குதான் சேரும், சாப்பாட்டுக்குப் பின் 52. செஃப்போடாக்சிமும் அதே ரகம். பான்டோப்ரசோல் போன்றவற்றோடு சேர்ந்தால் இரண்டும் குறையும். நேரம் மாற்றிப் போட்டுத் தப்பிக்க முடியாது என்று முன்பே சொன்னோம்.

அப்படியானால் செய்ய வேண்டியது: இந்த இரண்டில் ஒன்று எழுதப்பட்டு, கூடவே கேஸ் மாத்திரையும் இருந்தால், ‘இது அவசியமா சார்?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உண்மையில் ஆன்டிபயாடிக் எழுதினால் துணைக்கு ஒரு பான்டோப்ரசோல் என்பது வெறும் பழக்கமாகிப் போயிருக்கிறது. ஐந்து நாள் செஃப்போடாக்சிமுக்கு, வயிற்றுப் புண்ணோ ரத்தக் கசிவோ இல்லாத ஒருவருக்கு, அது பல நேரம் தேவையில்லை. ஆனால் இதய நோய்க்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் போடுபவர், வயிற்றில் ரத்தம் கசிந்தவர் ஆகியோருக்கு அந்த மாத்திரை காவல். அவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு ஆன்டிபயாடிக்கையே மாற்றி எழுத வழி இருக்கிறது. அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவற்றுக்கு இந்தச் சாதி கேஸ் மாத்திரையால் பொருட்படுத்தும் குறை வராது. அசித்ரோமைசினுக்கும் திரவ ஆன்டாசிடுக்கும் மட்டும் 2 மணி நேரம் விடுவது வழக்கம்.

வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் எச். பைலோரி கிருமிக்கு எழுதும் 10 முதல் 14 நாள் கட்டு நேர் எதிர். அங்கே பான்டோப்ரசோல் வகை மாத்திரை எதிரி இல்லை, படையின் பாதி. அமிலம் குறைந்தால்தான் அமாக்ஸிசிலினும் கிளாரித்ரோமைசினும் அந்தக் கிருமியிடம் ஒழுங்காக வேலை செய்யும். பிஸ்மத்தும் டெட்ராசைக்ளினும் சேர்த்தே எழுதுவதும் உண்டு. ‘உலோகம் கட்டிப்போடுமே’ என்று அங்கே பிரித்துப் போடக் கூடாது. கிருமி இருப்பது வயிற்றுச் சுவரிலேயே. ரத்தத்துக்குப் போகாத மருந்தும் அங்கே பயன்படும். எழுதிக் கொடுத்தபடி அப்படியே.

வெறும் வயிறு என்றால்

‘வெறும் வயித்துலயா போட்டிய பாட்டா?’ ‘ஆமா மக்கா, ஒண்ணும் திங்கல்ல, ஒரு சாயாவும் ரெண்டு பழமும் மட்டும்தான்.’ இது வெறும் வயிறு அல்ல. வெறும் வயிறு என்றால் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு 2 மணி நேரம் கழிந்து, இடையில் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லாமல்.

அப்படி வேண்டுபவை: க்ளாக்ஸாசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின் வி, அசித்ரோமைசின் காப்ஸ்யூல், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உள்ள கூட்டு மாத்திரை. அசித்ரோமைசின் மாத்திரையாக இருந்தால் சாப்பாடு பொருட்டில்லை. சோற்றோடு வேண்டுபவை: செஃபுராக்சிம், செஃப்போடாக்சிம், மூத்திரக் கிருமிக்கான நைட்ரோஃபுராண்டோயின். அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட்டைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போடுங்கள். வயிறு புரட்டுவது குறையும், கிளாவுலனேட்டும் நன்றாகச் சேரும். அமாக்ஸிசிலின் தனியாக, செஃபிக்சிம், மெட்ரோனிடசோல், கோட்ரிமாக்ஸசோல், லினசோலிட் எப்படிப் போட்டாலும் சேரும். இதில் எது உங்களுடையது என்று அட்டையின் பின்புறத்தில் மூலப்பெயரைப் பார்த்துச் சரிபாருங்கள். பிராண்டுப் பெயர் கடைக்குக் கடை மாறும்.

காசநோய் மாத்திரை போடுபவர்கள் தனியாக ஒன்று கவனிக்க வேண்டும். காலை வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று ஜெலுசிலோடு போட்டால் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டும் குறையும். முடியவே இல்லையென்றால் இரண்டு வாய் கஞ்சியோடு போடலாமா என்று சிகிச்சை மையத்தில் கேளுங்கள். மாத்திரையை விடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆன்டாசிட் வேண்டாம்.

டாக்ஸிசைக்ளின் நெஞ்சில் ஒட்டுவது வேறு விதச் சிக்கல். காப்ஸ்யூலை இரண்டு மடக்கு தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால் அது உணவுக்குழாயிலேயே நின்று கரைந்து புண்ணாக்கும். மறுநாள் எச்சில் விழுங்கினாலும் நெஞ்சு கிழிகிற வலி. அதைக் ‘கேஸ்’ என்று நினைத்து ஜெலுசில் குடித்தால் அடுத்த வேளையும் வீண். ஒரு முழு டம்ளர், ஏறக்குறைய 200 மில்லி தண்ணீர். அதன்பின் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்வது அல்லது நடப்பது. கிளிண்டாமைசினுக்கும் இதே முறை.

ரப்பர் வெட்டுபவர் விடியும் முன்னே கட்டன்சாயா மட்டும் குடித்துத் தோட்டத்துக்குப் போவார். சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான். அவருக்குக் காலை 1 என்பது ஐந்து மணி ஆக வேண்டியதில்லை. 9.30 மணிக்கு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தின்றபின் ஒன்று. இரவு சாப்பாடு 8 மணிக்கு, மாத்திரை 8.15, படுக்கை 9. இரண்டு வேளைக்கும் இடையில் 12 மணி நேரம் சரியாக இருக்க வேண்டும் என்று தவியாய்த் தவிக்க வேண்டாம். 11, 13 என்று ஓடினால் குற்றமில்லை. குளச்சல், முட்டம் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. டாக்ஸிசைக்ளின் ஓடும்போது வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்தது போலச் சிவக்கலாம். அந்த நாட்களில் முழுக்கைச் சட்டை, தொப்பி.

வயிறே சரியில்லாதவர்களுக்கு

வாந்தி: மாத்திரை விழுங்கி அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், அல்லது மாத்திரை முழுசாகக் கண்ணில் பட்டால், அந்த வேளையை மறுபடி ஒருமுறை போடலாம். ஒரு மணி நேரம் கழிந்து வந்தால் வேண்டாம், அடுத்த வேளையைப் பார்த்துக்கொள்ளலாம். இடைப்பட்ட நேரம் என்றால் கேட்டுச் செய்யுங்கள். மறுபடி போட்டதும் வாந்தியானால் மூன்றாவது போடக் கூடாது. அப்போது ஊசி வழி மருந்து தேவைப்படும் கட்டம் வந்துவிட்டது.

வயிற்றுப்போக்கு என்றதும் மாத்திரை எல்லாம் அப்படியே போய்விடும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. பெரும்பாலான ஆன்டிபயாடிக் சிறுகுடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்படும். பெருங்குடல் கலங்கி நாலு தடவை போனால் பெரிய இழப்பு இல்லை. தண்ணீர் தண்ணீராகப் பீய்ச்சி, நாக்கு வறண்டு, கண் குழி விழுந்தால் கதை மாறும். குடலுக்கு ரத்த ஓட்டமே குறைகிறது. அங்கே முதல் வேலை ஓ.ஆர்.எஸ்., ஆஸ்பத்திரி. மெதுவாகக் கரையும் மாத்திரைகள் தனி வகை. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., ஓ.டி. என்று இருக்கும். பேதி நேரத்தில் அவை முழுதாகக் கரையாமலே கீழே போகலாம். டாக்டரிடம் சாதா மாத்திரைக்கு மாற்றக் கேளுங்கள். அவற்றை உடைத்தோ பொடித்தோ தரவும் கூடாது. பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே அடியில் இறங்கும்.

நாள்பட்ட சர்க்கரை நோயில் வயிறு காலியாவதே மந்தமாகிவிடும். இரண்டு கவளத்தில் வயிறு நிறைவது, மத்தியானம் தின்ற சோறு ராத்திரி வாந்தியில் வருவது இதன் அடையாளம். மாத்திரை குடலுக்கு இறங்கத் தாமதமாகும். ரத்தத்தில் அளவு மெல்ல ஏறி, உச்சம் தாழ்ந்து நிற்கும். காசநோய் மருந்து போடும் சர்க்கரை நோயாளிகளில் இது முக்கியம். எடைகுறைப்புக்கும் சர்க்கரைக்கும் வந்திருக்கும் வார ஊசிகளும் வயிற்றை இதே போல மந்தமாக்கும். டாக்டரிடம் பட்டியல் சொல்லும்போது ஊசியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மலம் வெளிறி, எண்ணெய் மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றத்தோடு போகிறது, உடம்பும் மெலிகிறது என்றால் குடல் கொழுப்பை உறிஞ்சவில்லை. கேரளத்திலும் நம் தென்பகுதியிலும் இளவயதிலேயே கணையத்தில் கல் விழும் நோய் பழக்கமானது. ஒரு காலத்தில் மரச்சீனிக்கிழங்கின் தலையில் அந்தப் பழியைப் போட்டார்கள், நிரூபணமாகவில்லை. சீலியாக் (கோதுமை ஒத்துக்கொள்ளாமல் குடல் கெடும் நோய்), க்ரோன்ஸ் (நாள்பட்ட குடல் அழற்சி), சிறுகுடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள் ஆகியோருக்கும் உறிஞ்சல் ஒரு நிலையில் நிற்காது. சீலியாக்கில் ஒரு மருந்து குறையும், இன்னொன்று கூடவும் செய்யும். அதனால் ‘எனக்குக் குடல் சரியில்லை, ரெட்டை மாத்திரை போடுகிறேன்’ என்பது ஆபத்தான கணக்கு. செய்ய வேண்டியது, நோயின் பெயரையும் அறுவை நடந்ததையும் முதல் பேச்சிலேயே சொல்வது. எப்படிப் போட்டாலும் முழுதாகச் சேரும் மருந்தைத் தேர்வதும், ஊசிக்குப் போவதும் டாக்டருக்கு உள்ள வழிகள். உடல் பருமனுக்காக வயிற்றைச் சுருக்கிக்கொண்டவர்கள் இரும்பும் கால்சியமும் ஆயுள் முழுக்கப் போடுவார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன வாசல் கணக்கு இரட்டிப்பு முக்கியம். திரவ மருந்து கிடைத்தால் அதுவே நல்லது.

சில மருந்து உறிஞ்சப்படாமல் இருக்க வேண்டும் என்றே கொடுக்கப்படுவதும் உண்டு. ரிஃபாக்சிமின், வாய்வழி வான்கோமைசின் இரண்டும் குடலுக்குள்ளேயே தங்கி வேலை செய்பவை. ஆன்டிபயாடிக்குப் பிறகு கிளம்பும் கடும் பேதிக்கு வான்கோமைசின் எழுதுவது அதனால்தான். அதே வான்கோமைசினைக் குடித்து நிமோனியாவைத் தீர்க்க முடியாது.

மூக்குக் குழாய் வழியாகச் சாப்பிடுபவர்களுக்கு

பக்கவாதம் வந்து வீட்டில் ரைல்ஸ் ட்யூபோடு இருப்பவருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினால் நேரம் மட்டும் பார்த்தால் போதாது. பால், கஞ்சிப்பொடி, புரதப்பொடி எல்லாவற்றிலும் கால்சியம், மெக்னீசியம் உண்டு. குழாயில் ஊட்டுவதை மாத்திரைக்கு 1 மணி நேரம் முன்பு நிறுத்தி, கொடுத்து 2 மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். மாத்திரையைக் கல்லில் அரைப்பது போல நசுக்காமல், சுத்தமான இரண்டு ஸ்பூனுக்கு இடையில் வைத்துப் பொடித்து, 20 மில்லி தண்ணீரில் கலக்கி உடனே ஊற்ற வேண்டும். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். கடையில் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் எண்ணெய்க் கலவை சிரப் குழாய்க்கு ஆகாது, ஒட்டி அடைத்துவிடும். குழாயின் நுனி வயிற்றில் இல்லாமல் சிறுகுடலின் கீழே இறங்கியிருந்தால், சிப்ரோஃப்ளாக்சசின் உறிஞ்சப்படும் இடத்தையே தாண்டிவிடும். எங்கே நிற்கிறது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள், இல்லையென்றால் போட்டவரிடம் கேளுங்கள்.

உறிஞ்சலோடு சேராத, ஆனாலும் விடக் கூடாத மூன்று

பான்-டி என்று வாங்குவதில் பான்டோப்ரசோலோடு டோம்பெரிடோனும் உண்டு. கிளாரித்ரோமைசின் அல்லது எரித்ரோமைசினோடு டோம்பெரிடோன் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இரண்டும் ஒரே சீட்டில் இருந்தால் வாங்கும்போதே கேளுங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் போடுபவருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால் தியோஃபிலின் அளவு உயர்ந்து நடுக்கம், வாந்தி, வலிப்பு வரை போகும். தசைப் பிடிப்புக்கான டிசானிடினும் அதோடு ஆகாது. ரிஃபாம்பிசின் கர்ப்பத்தடை மாத்திரையையும், ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரினையும் ஈரலில் வேகமாகக் கரைத்துவிடும். காசநோய் மருந்து தொடங்கும்போதே இந்த இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

மாத்திரை தொடங்கி 48 முதல் 72 மணி நேரம் ஆகியும் காய்ச்சல் அசையவில்லை என்றால், மறுபடி டாக்டரிடம் போகும்போது காலிக் கவரை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போட்டது, எதோடு போட்டது, அதற்கு முன்னும் பின்னும் ஆறு மணி நேரத்தில் வேறு என்ன உள்ளே போனது, வாந்தி எப்போது, பேதி எத்தனை முறை, சித்த மருந்து உண்டா. கண் மஞ்சளித்தது, மூத்திரம் குறைந்தது, மூச்சு வாங்குகிறது, கெண்டைக்கால் தாங்க முடியாமல் வலிக்கிறது என்றால் காகிதம் எழுத நிற்க வேண்டாம். எலிக்காய்ச்சல் முற்றி உள்ளுறுப்புகளைப் பிடித்த அறிகுறியாக அது இருக்கலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே ஊசி மருந்துதான்.